குளத்தில் மீன் இல்லையா, இருந்தும் கொத்தவில்லையா? எளிதில் சிக்கும் மீன்கள், சிக்காத மீன்கள், கலப்பின மீன்கள் பற்றி

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூர் கனகபுரா சாலைப் பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் குளம் ஒன்றுக்கு எங்கள் குழு விடுமுறை நாட்களில் போவது வழக்கம். ரூப்சந்த் இரை விழுந்த மாத்திரத்தில் கொத்துகிறது. ஜிலேபி கெண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதா கெண்டை நம் பொறுமையைச் சோதித்தாலும் மதியத்துக்குள் ஒன்றிரண்டாவது வந்துவிடும். கட்லாவும் புல் கெண்டையும் மட்டும் தலைகாட்டுவதே இல்லை. குளத்துக்காரர், கட்லாக் குஞ்சு நிறைய விட்டிருப்பதாக அடித்துச் சொல்கிறார். எங்களில் பாதிப் பேர் அதை நம்பவில்லை.

கட்லாவும் இல்லாமல் ரோகுவும் இல்லாமல் நடுவாந்தரமாகச் சில மீன்கள் அங்கே கிடைக்கின்றன. கலப்பு மீன் என்கிறார் அங்கு வேலை செய்பவர். அவை கட்லாவைவிடத் துணிந்து கொத்துவதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு மீன் எளிதில் சிக்குவதும் சிக்காமல் போவதும் அதன் இனத்தைப் பொறுத்ததா? கலப்பினத்தில் அந்தக் குணம் எந்தப் பக்கம் சாயும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

தம்பி, குளத்துக்காரர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் தூண்டில் நாள் முழுக்கக் கிடந்த இடத்தில் கட்லா மேயவே மேயாது.

கட்லா மேல்மட்டத்து மீன். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுள் முட்களால் வடிகட்டித் தின்னும். அதன் வாய் மேல்நோக்கித் திறப்பதே அதற்காகத்தான். நீங்கள் ஈயக்குண்டு கட்டி மாவு உருண்டையைத் தரையில் இறக்குகிறீர்கள். அது போய்ச் சேருவது மிர்காலுக்கும் சாதா கெண்டைக்கும். ரோகு நடு மட்டம். வெள்ளிக் கெண்டை கட்லாவையும் மிஞ்சியது, பாசி நுண்துகள்களை வடிகட்டியே வயிறு வளர்ப்பது. புல் கெண்டை தழை தின்னும், அதோடு மிகவும் கூச்சப்படும் மீன், கரையில் நிழல் அசைந்தாலே விலகிவிடும். ரூப்சந்த் தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்தது. கரையோர மரங்களிலிருந்து நீரில் விழும் பழத்தையும் கொட்டையையும் தின்று பழகிய இனம். நீரில் எது தொப்பென்று விழுந்தாலும் அதற்கு அது உணவுதான். நீங்கள் போடும் உருண்டையின் சத்தமே அதைக் கூப்பிட்டுவிடுகிறது.

ஆகவே உங்கள் பையில் சேரும் மீன்களின் விகிதத்தை வைத்துக் குளத்தில் உள்ள மீன்களின் விகிதத்தைச் சொல்ல முடியாது. எவ்வளவு மீன் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எத்தனை வாய் திறக்கும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் ஏரிக்கரைகளில் இத்தனை சண்டை.

இனத்துக்கு இனம் வேறுபாடு இருப்பதைக்கூட எளிதாக ஏற்றுக்கொள்ளலாம். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடுதான் வியப்பு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்று ஒரு சிறிய ஏரி. அங்கே 1970களின் பிற்பகுதியில் நான்கு ஆண்டுகள், பிடிபட்ட ஒவ்வொரு லார்ஜ்மவுத் பாஸ் என்ற வேட்டை மீனுக்கும் அடையாளம் இட்டு, பதிவு செய்து, திரும்ப நீரில் விட்டார்கள். 1980ஆம் ஆண்டு ஏரியை வடித்தபோது 1,700க்கும் மேற்பட்ட பாஸ் மீன்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் ஒருமுறைகூடத் தூண்டிலில் அகப்படாதவை. அதே ஏரியில் ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்ட மீனும் இருந்தது. ஒரே தண்ணீர், ஒரே இரை, ஒரே தூண்டில்காரர்கள்!

டேவிட் பிலிப் என்ற அறிவியலாளரின் குழு அத்தோடு நிற்கவில்லை. அடிக்கடி சிக்கியவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய வைத்து, மூன்று தலைமுறை வளர்த்துப் பார்த்தது. இரண்டு வழித்தோன்றல்களுக்கும் இடையே வேறுபாடு தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போனது. தூண்டிலில் சிக்கும் தன்மை ஓரளவு பரம்பரையாக வருகிறது என்று 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

விரால்பித்தன் எழுதியது:

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இனம், பரம்பரை என்று போய்விட்டால் தூண்டில்காரனின் கைத்திறனுக்கு என்ன மதிப்பு? இருபது ஆண்டுகளாக விரால் பிடிக்கிறேன். விரால் கொத்தாத நாள் என்று ஒன்று இல்லை, நாம் இரை போடத் தெரியாத நாள்தான் உண்டு. ரப்பர் தவளையை அல்லி இலைமேல் போட்டு, இரண்டு நொடி பொறுத்து, இலை விளிம்பிலிருந்து மெல்ல வழுக்கி நீரில் இறக்க வேண்டும். அதையே இழுத்துக்கொண்டு ஓடினால் எந்த விராலும் திரும்பிப் பார்க்காது. கட்லாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தக்கையை ஏற்றிக் கட்டி, கடலைப் பிண்ணாக்கும் தவிடும் லேசாகப் பிசைந்து, நீரில் கரைந்து புகை மாதிரி இறங்கும்படி போட்டால் கட்லா வரும். நான் பிடித்திருக்கிறேன்.

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கட்லாவுக்கென்று தனி ஏற்பாடு தேவைப்படுகிறது, ரூப்சந்துக்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. எளிது, கடினம் என்பதற்கு வேறு என்ன பொருள்?

கைத்திறன் எந்த மீனிடம் எடுபடும் என்பதும் இனத்தைப் பொறுத்ததே. நெதர்லாந்தில் பைக் என்ற வேட்டை மீனை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1970இல் வெளியானது. சுழலும் உலோக இரையில் ஒருமுறை மாட்டிய பைக் அதற்குப் பிறகு அந்த இரையைப் பெரும்பாலும் தொடவில்லை. உயிருள்ள சிறுமீனைக் கோத்துப் போட்டால் மட்டும் தயங்காமல் மீண்டும் மீண்டும் சிக்கியது. அதே நாட்டில் கெண்டையை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே ஒருமுறை பிடிபட்ட கெண்டையின் எச்சரிக்கை ஓராண்டு கழித்தும் தெரிந்தது. பிடித்த மீனைத் திரும்ப விடும் குளங்களில் சாதா கெண்டை ஏன் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. மீனின் எண்ணிக்கை குறையவில்லை, படித்த மீன்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

கெண்டை இரையை எடுப்பதைத் தெளிந்த நீரில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது புரியும். கௌவுவதில்லை, உறிஞ்சுகிறது. உருண்டை உதட்டுக்குள் போகிறது, உடனே வெளியே வருகிறது, மறுபடி போகிறது. உறுத்தல் ஏதேனும் இருந்தால் மூன்றாவது முறை உறிஞ்சுவதில்லை. மேலே தக்கை ஓர் அரிசி அளவு நடுங்கி நின்றுவிடும். கரையில் இருப்பவர் காற்று என்று நினைத்துக்கொள்வார்.

வளர்ப்பு முறையும் சேர்ந்துகொள்கிறது. பண்ணையில் பல தலைமுறை வளர்ந்த, செதில் குறைந்த மிரர் கெண்டையையும், காட்டு வகையை ஒத்த முழுச் செதில் கெண்டையையும் ஜெர்மனியில் ஒப்பிட்டார்கள். மிரர் கெண்டைதான் துணிச்சல் மிகுந்தது, தூண்டிலில் எளிதில் மாட்டுவதும் அதுவே. மனிதன் கையால் தீனி வாங்கிப் பழகிய வம்சம் மனிதன் போடும் இரையைச் சந்தேகப்படுவதில்லை.

ஊட்டிக்காரன், ஜெயநகர் எழுதியது:

டிரவுட் என்ற குளிர்நீர் மீன்களிலும் இதே கதைதான். எங்கள் அவலாஞ்சிப் பொரிப்பகம் 1907இல் தொடங்கியது, நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது ரெயின்போ வகை. உலகெங்கும் தூண்டில்காரர்கள் மிகவும் கடினம் என்று சொல்வது பிரௌன் டிரவுட்டை. மறு ஓரத்தில் நிற்பது கட்த்ரோட் டிரவுட். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்த மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டிய ஒரு பகுதியில் 1980களில் கணக்கெடுத்தபோது, ஒவ்வொரு கட்த்ரோட்டும் ஒரு பருவத்தில் சராசரியாக 9.7 முறை பிடிபட்டது தெரியவந்தது. திரும்ப விடும் விதி இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆறு எப்போதோ காலியாகியிருக்கும்.

அல்சூர்வாசி எழுதியது:

கலப்பினத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

சொல்கிறேன். கலப்பு என்றாலே எளிதில் சிக்கும் என்று பொது விதி கிடையாது. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வட அமெரிக்காவில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன் உண்டு, பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதன் நெருங்கிய உறவான பைக் அதைவிடப் பன்மடங்கு எளிது. இரண்டுக்கும் பிறக்கும் வரிக் கலப்பினம் டைகர் மஸ்கி. அது இடையில் நிற்கிறது என்பது அங்குள்ள தூண்டில்காரர்களின் அனுபவம். வேகமாக வளரும், பெரும்பாலும் மலடு. அதனால் ஏரியில் விட்டாலும் கட்டுக்கடங்காமல் பெருகாது, எத்தனை விட வேண்டும் என்பதை மீன்வளத் துறையே முடிவு செய்யலாம். அங்கே கலப்பினங்களை விரும்புவதற்கு முதல் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான். ஸ்ட்ரைப்டு பாஸ், ஒயிட் பாஸ் கலப்பை 1960களில் தென் கரோலினாவில் உருவாக்கினார்கள். இன்று அணைக்கட்டு ஏரிகளில் விளையாட்டு மீனாகவும் பண்ணைகளில் உணவு மீனாகவும் இருக்கிறது. சாகர், வால்ஐ (walleye) என்ற இரண்டு மீன்களின் கலப்பு சாகை. கலங்கல் நீரில் நன்றாகப் பிழைக்கும், ஆனால் அது மலடு இல்லை, பெற்றோர் இனத்தோடு மறுபடி கலக்கும். அங்கேதான் தலைவலி தொடங்குகிறது.

லார்ஜ்மவுத் பாஸில் வடக்கு வகை, புளோரிடா வகை என இரண்டு. புளோரிடா வகை பெரிதாக வளரும், ஆனால் தூண்டிலுக்கு வராத பிடிவாதக்காரன் என்று 1970களிலேயே குளங்களில் சோதித்துச் சொன்னார்கள். பெரிய மீன் வேண்டும் என்று கலிபோர்னியாவும் டெக்சாஸும் அதைக் கொண்டுபோய் விட்டன. எடையில் சாதனை மீன்கள் வந்தன. எளிதாக நாலைந்து பிடித்துக்கொண்டு வீடு திரும்ப நினைத்தவருக்கு அந்த ஏரி கசந்திருக்கும்.

ராஜாஜிநகர் செல்வி எழுதியது:

என் மகனுக்கு ஒன்பது வயது. அரை மணி நேரம் தக்கை அசையாவிட்டால் தூண்டிலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். குழந்தைகளுக்கென்றே எளிதில் சிக்கும் கலப்பின மீனை வெளிநாடுகளில் குளத்தில் விடுவார்கள் என்று படித்தேன். உண்மையா ஐயா?

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

உண்மைதான் அம்மா. புளூகில், கிரீன் சன்ஃபிஷ் என்ற இரண்டு சிறு மீன்களின் கலப்பு அது. கிரீன் சன்ஃபிஷ் தாயும் புளூகில் தந்தையும் என்றால் பிறப்பதில் மிகப் பெரும்பாலானவை ஆண். முட்டி மோதிக்கொண்டு இரைக்கு வரும், மண்புழுத் துண்டு போதும். பண்ணைக் குளங்களில் பிள்ளைகளுக்காகவே விடுகிறார்கள். கொத்தும் வேகத்தாலேயே குளம் சீக்கிரம் காலியாகிவிடும், திரும்பத் திரும்பக் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கும்.

உங்கள் மகனுக்கு அமெரிக்க மீன் எதற்கு? ஜிலேபி போதும். 1952இல் நம் நாட்டுக்கு வந்து, நீர்நிலைகளை ஆக்கிரமித்து, நாட்டு மீன்களை நெருக்கிவிட்டது என்ற குறை அதன்மேல் உண்டு. அதைப் பிடிப்பதால் யாருக்கும் நட்டமில்லை. சின்னத் தூண்டில் முள், மெல்லிய தூண்டில் நரம்பு, அரை விரல் மண்புழு, கரையிலிருந்து நாலடி தூரம். ஏரியை ஏலம் எடுத்தவரிடமோ குளத்துக்காரரிடமோ அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள்.

விரால்பித்தன் எழுதியது:

எளிதில் சிக்குவது மீனுக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி எனக்கு இப்போது வந்திருக்கிறது. விராலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். குஞ்சு பொரித்த விரால் ஜோடி குஞ்சுக் கூட்டத்தை விட்டு நகராது. மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் குஞ்சுகள் கொதிப்பது போல் துள்ளிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்க அத்தனையும் ஒன்றாக மேலே வரும், ஒன்றாகக் கீழே போகும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால், பசியே இல்லாவிட்டாலும் தாயோ தந்தையோ வந்து அடித்தே தீரும். அப்படிப் பிடிக்கும் வழக்கத்தை நான் விட்டுப் பல காலமாகிறது. பிடித்தவர் கரையில் படம் எடுத்து முடிப்பதற்குள் ஜிலேபிக் கூட்டம் குஞ்சுகளைச் சூறையாடிவிடும். நம் குழுவில் இன்னும் சிலர் அதைச் செய்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். பாஸ் மீனில் முட்டையைக் காப்பது ஆண் மட்டும்தான். எளிதில் சிக்கும் வம்சத்து ஆண்கள் முட்டையை அதிக அக்கறையோடு காக்கின்றன, அதிகக் குஞ்சுகளைக் கரை சேர்க்கின்றன என்று ரிட்ஜ் ஏரியின் வழித்தோன்றல்களை வைத்து 2012இல் காட்டினார்கள். ஆக, தூண்டில் முதலில் கொண்டுபோவது நல்ல தந்தைகளை. மிஞ்சுவது ஒதுங்கியிருப்பவை. பல ஆண்டு இப்படியே நடந்தால் ஏரியில் மீன் இருக்கும், கொத்தாது.

காவிரிப் பழையவர் எழுதியது:

பெங்களூரில் இருந்துகொண்டு இவ்வளவு பேசிவிட்டு மகசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பற்றி ஒரு வரி இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. இந்த விவாதத்தின் மிகப் பெரிய பாடம் நம்மிடமிருந்து சில மணி நேரத் தொலைவில், காவிரியில் கிடக்கிறது.

1946இல் 120 பவுண்டு மகசீரை மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்தது இந்த ஆற்றுப் படுகையில்தான். அது திமில் மகசீர், காவிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். பிற்காலத்தில் காலிபோரே, பீமேஸ்வரி என்ற காவிரிக்கரைத் தூண்டில் முகாம்களில் ராகிக் களியை எலுமிச்சை அளவுக்கு உருட்டிப் பாறைகளுக்கு நடுவே போட்டு, பிடித்ததை எடைபோட்டு, திரும்ப விட்டு, பதிவேட்டில் எழுதுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான காலிபோரே பதிவேட்டை ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்துப் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு. மொத்தமாகப் பார்த்தால் மகசீர் பிடிபடுவது ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது! ஆறு நன்றாக இருக்கிறது என்றே யாரும் சொல்லியிருப்பார்கள்.

இனவாரியாகப் பிரித்தபோது நெஞ்சு அடைத்தது. கூடியதெல்லாம் நீலத் துடுப்பு மகசீர். லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் 1970களிலிருந்து உற்பத்தியாகி, நல்லெண்ணத்தோடு பல மாநில ஆறுகளில் விடப்பட்ட இனம் அது. திமில் மகசீர் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 2018இல்தான் அதற்கு முறையான அறிவியல் அடையாளம் கிடைத்தது. அமராவதியின் துணையாறான பாம்பாற்றில் கண்டு 2007இல் பெயரிடப்பட்ட டோர் ரேமாதேவியும் இதுவும் ஒன்றே என்று தெளிவாயிற்று. அதே ஆண்டு மிக அருகிய இனம் என்று உலகப் பட்டியலில் சேர்ந்தது. நீலத் துடுப்பு மகசீரோ கவலைப்பட வேண்டாத பட்டியலுக்கு மாறியது.

'மகசீர், 8 கிலோ' என்று மட்டும் எழுதிவைத்த ஒவ்வொரு வரியும் இந்த அழிவை மறைத்தது. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை பிடித்தோம் என்பதைவிட எதைப் பிடித்தோம் என்று எழுதுவது முக்கியம். அந்த முகாம்கள் இருந்த காவிரிச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நின்றபின் அந்தப் பதிவேடும் நின்றுவிட்டது. நம் ஏரிகளிலாவது ஒழுங்காக எழுதுவோம்.

அல்சூர்வாசி எழுதியது:

அண்ணா, இதை எங்கள் குழுவில் அப்படியே பகிர்ந்துவிட்டேன். அடுத்த முறையிலிருந்து இனம், இரை, தரையா நடு மட்டமா மேல் மட்டமா, தூண்டில் நீரில் கிடந்த நேரம், இவ்வளவையும் எழுதப் போகிறோம். ஒன்றுமே சிக்காத வேளையையும் சேர்த்தே எழுதுவோம். கலப்பு மீன் என்று எழுதுவதற்கு முன் அதை அடையாளம் காண்பது எப்படி?

ஹெசரகட்டா பெரியவர் எழுதியது:

ஒன்றுமே சிக்காத வேளையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதாவிட்டால் மற்றதற்கு மதிப்பில்லை.

நம் பெருங்கெண்டைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்தது 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவில். ஹிராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் செய்தது. அதன் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார்கள். கட்லா, ரோகு கலப்பு மலடு இல்லை. இன்று பல பொரிப்பகங்களில் ஒரே தொட்டியில் இரண்டு இனத்தையும் ஒன்றாக விடுவதால் யாரும் திட்டமிடாமலேயே கலப்புக் குஞ்சு வந்துவிடுகிறது. உங்கள் குளத்தில் இருப்பது அநேகமாக அப்படி வந்ததுதான். அது கட்லாவைவிடத் துணிந்து கொத்துகிறது என்ற உங்கள் எண்ணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ரோகுவின் பக்கம் சாய்ந்து நடு மட்டத்தில் மேய்ந்தால் உங்கள் இரை அதன் கண்ணில் படும். ஆனால் தக்கையை ஏற்றியும் இறக்கியும் போட்டு எழுதிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

அடையாளம் பார்ப்பதற்கு மீனை ஈரக் கையால் பிடித்து, பக்கவாட்டில் தலையைப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை மிகப் பெரியது, வாய் மேல்நோக்கியது, மீசை கிடையாது. ரோகுவுக்குத் தலை சிறியது, வாய் சற்றுக் கீழ்நோக்கியது, உதட்டில் குஞ்சம் வைத்தாற்போல் சுருக்கம், ஓரத்தில் மிகச் சிறிய மீசை. கலப்புக்கு உடல் கட்லா மாதிரி அகலம், தலை அவ்வளவு பெரிதாக இருக்காது, வாய் ஏறக்குறைய நேராக முன்பக்கம் திறக்கும். கலப்பும் மலடில்லாததால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளங்கள் குழம்பிவிடும், கண்ணால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் 'கட்லா அல்லது கலப்பு' என்றே எழுதிவிட்டு, தலையும் வாயும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.